உஷார்! முதல் நாள் முதல் ஷோவுக்கு முன்னால் ஒரு திருடன் நிற்கிறான்

காலை எட்டு மணிக்கு மங்கலம்பேட்டையில் விருத்தாசலம் பஸ் ஏறிப் பாருங்கள். காலேஜ் பையன்கள் படியில் தொங்குவார்கள், காதில் ப்ளூடூத், கையில் போன். ஒருத்தன் நேற்று ராத்திரி இறங்கிய லிரிக் வீடியோவுக்கு எத்தனை வியூஸ் என்று பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் அனிருத்தா, சாய் அபயங்கரா என்று ஒரு சண்டை ஓடும். நடுவில் ஒருத்தன், இளையராஜாவைத் தவிர யாரையும் இசையமைப்பாளராகவே ஒப்புக்கொள்ளாதவன், இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவான். டிக்கெட் எடுக்க வரும் கண்டக்டர் வரைக்கும் இந்தப் பஞ்சாயத்தில் ஒரு கட்சி.

இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அந்த வயதுக்குப் பாட்டும் படமும் வேண்டும். பயமெல்லாம் அந்தப் போனுக்குள் உட்கார்ந்து இவனையே வேடிக்கை பார்க்கும் ஆளைப் பற்றித்தான். இவன் யார் ரசிகன், எந்தப் படத்துக்குத் தவம் கிடக்கிறான், எந்தக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்காமல் புலம்பினான் என்று எல்லாம் அவனுக்குத் தெரியும். துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. “ரெண்டு டிக்கெட் இருந்தா சொல்லுங்க ப்ரோ” என்று இன்ஸ்டாகிராமில் இவனே ஊருக்குத் தண்டோரா போட்டிருக்கிறான். அரை மணி நேரத்தில் பதில் வந்துவிடும்: “இருக்கு ப்ரோ, இன்பாக்ஸ் வாங்க.”

அங்கேதான் ஆரம்பம். இப்போது நடக்கிற சினிமா மோசடிகள் அத்தனையும் ரசிகனின் அவசரத்தை வைத்துத்தான் பிழைக்கின்றன. ஒரு ராத்திரி பொறுத்தால் தானாகச் செத்துவிடும் பொய்கள் அவை.

முதலில் டிக்கெட். பனையூர் கதை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி நடக்க வேண்டிய ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரி மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் 10ஆம் தேதி கிழக்குக் கடற்கரைச் சாலைப் பனையூரில் நடந்தது. காசு கொடுத்து முறையாக டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. முதலமைச்சரின் வண்டிகளே அந்தப் போக்குவரத்தில் சிக்கின. கடைசியில் டிக்கெட் நகலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். அசல் டிக்கெட்டுக்கே அந்த நிலைமை. முகம் தெரியாத ஒருத்தன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறலாமா?

ஒரே க்யூஆர் கோடை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். வாசலில் அது ஒருமுறைதான் வேலை செய்யும். முதலில் போய்ச் சேர்ந்தவன் உள்ளே, மற்றவர்கள் ரோட்டில். 2025 ஜனவரியில் நடந்த கோல்ட்ப்ளே கச்சேரிகளுக்கு டிக்கெட் விற்ற லட்சணம் அமலாக்கத்துறை வரைக்கும் போனது. 2024 அக்டோபரில் டெல்லி, மும்பை, பெங்களூரு என்று பல இடங்களில் சோதனை போட்டார்கள். இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாகப் போலி டிக்கெட்டுகளும் கைமாறியதாக அந்தத் துறையே சொன்னது. பெருநகரத்துப் பணக்காரப் பிள்ளைகளே ஏமாந்த இடம் அது.

இன்னொன்று. “விடியற்காலை நாலு மணி ஷோ டிக்கெட் இருக்கு” என்று யாராவது நம் ஊர்ப்பக்கத் தியேட்டர் பெயரைச் சொன்னால், மேற்கொண்டு விசாரிக்கவே தேவையில்லை, அவன் பொய்யன். 2023 ஜனவரி 11ஆம் தேதி ‘துணிவு’ வெளியான விடியற்காலையில், கோயம்பேடு ரோகிணி தியேட்டர் பக்கம் ஓடும் லாரி மேல் ஏறி ஆடிய 19 வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்கான சிறப்புக் காட்சி அனுமதியே காலை 9 மணியிலிருந்துதான் வருகிறது. ‘லியோ’வுக்கும் அதுதான், ‘கூலி’க்கும் அதுதான். இது தெரியாமல் இன்னமும் நாலு மணி டிக்கெட்டுக்கு ஜிபே பண்ணுகிறவர்கள் இருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

டிக்கெட்டில் போவது ஆயிரம், இரண்டாயிரம். அடுத்ததில் போவது அப்பாவின் கரும்புப் பணம்.

படம் வெளியான அன்று சாயங்காலம் குரூப்பில் ஒரு ஃபைல் வரும். படத்தின் பெயர் இருக்கும், ‘ஃபுல் மூவி ஹெச்டி’ என்று இருக்கும், கூடவே “சீக்கிரம் டவுன்லோடு பண்ணுங்க, டெலிட் ஆகிடும்” என்று ஒரு விரட்டல். அனுப்பியது யாரென்று பார்த்தால் சொந்த மாமா பையன். சந்தேகம் எங்கிருந்து வரும்? ஆனால் அனுப்பியது அவன் கை இல்லை. அவன் போன் நேற்றே திருடன் கையில் விழுந்துவிட்டது. விழுந்த போன் தன்னிடம் இருக்கிற குரூப்புக்கெல்லாம் தானாகவே அதே ஃபைலைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம் இல்லையா? இங்கே வாலைப் பாருங்கள். ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ‘ஏபிகே’ என்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது படமே இல்லை, ஒரு ஆப். படமாக இருந்தால் எம்பி4, எம்கேவி என்று முடியும். அளவையும் பாருங்கள். இரண்டரை மணி நேரப் படம் ஹெச்டியில் எப்படி எட்டு எம்பிக்குள் அடங்கும்? தொட்டால், ‘தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப், அனுமதிக்கலாமா?’ என்று போனே கேட்கும். பாவம், போன் எச்சரிக்கத்தான் செய்கிறது. பையனுக்கு ஹீரோ என்ட்ரி பார்க்கிற அவசரம், சரி சரி என்று தட்டிக்கொண்டே போவான். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி, காண்டாக்ட் பார்க்க அனுமதி, கடைசியில் அக்சஸிபிலிட்டி அனுமதி. இந்தக் கடைசி அனுமதிதான் வீட்டுச் சாவி. திரையில் இருப்பதைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகத் திரையைத் தட்டவும் அந்த ஆப்பால் முடியும். படம் ஓடாது. “ஃபைல் கரப்ட் போல” என்று அவன் தூங்கப் போய்விடுவான். வங்கியின் ஓடிபி இவன் போனுக்கு வந்து, இவன் பார்க்கும் முன்பே இன்னொருத்தனிடம் போய்ச் சேரும். அது பல வீடுகளில் அப்பாவின் போன் வேறு. அப்பாவுக்குப் படம் பார்க்கத் தெரியாது, அவர் வங்கிக் கணக்கு மட்டும் அதில் இருக்கும்.

இப்படி விழுந்துவிட்டால் நிமிஷக் கணக்குதான். அந்தப் போனை உடனே ஃப்ளைட் மோடில் போடுங்கள். இணையத்தோடும் டவரோடும் தொடர்பு அறுந்தால் அவன் கை அந்த நேரத்துக்குக் கட்டப்படும். பக்கத்து வீட்டுப் போனை வாங்கி, சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அடியுங்கள். வங்கிக்கும் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யுபிஐ என்றால் அந்தப் பரிமாற்றத்தின் 12 இலக்க எண் இவைதான் கேட்பார்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஏடிஎம்மில் எடுபடுவதற்குள் வழியில் எங்காவது பிடித்து நிறுத்துவதற்குத்தான் இந்த விவரங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நம் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும் வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதில் அவ்வளவு இருக்கிறது. அதனால் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பணம் போனது தெரிந்ததும் பையனை அடிக்கக் கை ஓங்குகிறோம். அந்தக் கைக்குப் பயந்துதான் அவன் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருக்கிறான். அந்த இரண்டு நாளில் பணம் ஊர் தாண்டிவிடும். திட்டுவதை 1930 அழைப்பு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பாடுகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இன்னும் கொஞ்சம் உஷார். கவர் சாங் பாடி ரீல்ஸ் போடுகிற பெண்ணுக்கு ஒரு மெசேஜ் வரும்: “உங்க வாய்ஸ் செம, புதுப்படத்துல பாட சான்ஸ் இருக்கு.” முகப்புப் படத்தில் பெரிய கம்பெனி லோகோ. முதலில் பதிவுக் கட்டணம், பிறகு போர்ட்ஃபோலியோ, பிறகு சங்க உறுப்பினர் கார்டு என்று தவணை தவணையாகக் கறப்பார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறவன் வேலைக்காரனிடம் காசு வாங்க மாட்டான் என்பது நம் கொத்தனாருக்குத் தெரியும், சினிமா என்றதும் நமக்கு மறந்துபோகிறது. எங்கள் பெயரில் ஆள் எடுப்பதாக வருவதை நம்பாதீர்கள் என்று தயாரிப்பு நிறுவனங்களே அவ்வப்போது அறிக்கை விட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பணத்தோடு முடிந்தால் பரவாயில்லை. “ஆடிஷனுக்கு இந்த மாதிரி போட்டோ வேணும், வீடியோ காலில் வாங்க” என்று நூல் பிடித்தால், அடுத்து வருவது மிரட்டல்தான். அந்த நிமிஷமே பிளாக் செய்யத் தோன்றும். அதற்கு முன்னால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

தியேட்டருக்குள் போனைத் தூக்கி ஹீரோ என்ட்ரியை ஸ்டேட்டஸ் வைக்கிற வழக்கம் வேறு வந்திருக்கிறது. முப்பது செகண்டுதானே என்பார்கள். 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தில், தியேட்டரில் படத்தின் ஒரு பகுதியைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதும் குற்றம். குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 வருடம் சிறை, அபராதம் 3 லட்சத்தில் ஆரம்பிக்கிறது. 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தியேட்டரில் ‘ராயன்’ படத்தைச் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்த மதுரை ஆள் ஒருவரை அங்கேயே வைத்துப் பிடித்தார்கள். அவர் பைரசிக் கும்பலைச் சேர்ந்தவர் என்றது போலீஸ். உங்கள் ஸ்டேட்டஸுக்கு அந்த அளவு ஆபத்து வராது என்று நினைக்கலாம். அதை அடுத்தவன் சேமித்து எங்கே ஏற்றுகிறான் என்பது உங்கள் கையில் இல்லையே.

இது எல்லாவற்றையும் விட எனக்கு அதிகப் பயம் கடைசி ஒன்றில்தான். இதில் பையன் பணத்தை இழப்பதோடு முடிவதில்லை, குற்றவாளியாகிறான்.

கச்சேரி டிக்கெட்டுக்கும் நல்ல ஹெட்போனுக்கும் காசு வேண்டும். டெலிகிராமில் ஒரு வேலை வருகிறது: புதுப் படங்களுக்கு ஐந்து ஸ்டார் கொடுத்தால் காசு. படம் பார்க்கிறவனுக்கு இதைவிட என்ன வேலை வேண்டும்! முதல் இரண்டு நாள் ஐம்பதோ நூறோ நிஜமாகவே வரும். பிறகு பெரிய டாஸ்க்குக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டினவனுக்கு அது திரும்பாது. கட்டக் காசில்லாதவனிடம் இன்னொரு வழி சொல்வார்கள். “பணம் வேண்டாம் தம்பி, உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு. ஏடிஎம் கார்டும் சிம்மும் சேர்த்துக் கொடு. சில ஆயிரம் தருகிறோம்.” கணக்கில் இருப்பதே இருநூறு ரூபாய், போனால் போகட்டும் என்று கொடுத்துவிடுகிறான்.

அந்தக் கணக்கு வழியாகப் போவது எங்கோ ஒரு ஓய்வுபெற்ற வாத்தியாரின் சேமிப்பு. அவர் புகார் கொடுத்ததும் போலீஸுக்கு முதலில் தெரியும் பெயரும் முகவரியும் மங்கலம்பேட்டைப் பையனுடையது. டெலிகிராம் ஆசாமிக்கு முகவரியே கிடையாது. மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318(4)இல் 7 வருடம் வரை, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டியில் 3 வருடம் வரை சிறை. வெளிமாநிலப் போலீஸ் வீட்டுக் கதவைத் தட்டிய பிறகு “எனக்கு எதுவும் தெரியாது சார்” என்று நிரூபிக்க அலைய வேண்டும். நம் பக்கத்தில் பாதிப் பையன்கள் கிரவுண்டில் ஓடிக்கொண்டிருப்பது போலீஸ் வேலைக்காக. எழுத்துத் தேர்விலும் உடற்தேர்விலும் தேறி வந்தவனுக்கு, பெயர் ஒரு வழக்கில் இருக்கிறது என்பது சரிபார்ப்பில் தெரிந்தால் அத்தனை ஓட்டமும் வீண்.

யாராவது ஏற்கெனவே கணக்கைக் கொடுத்திருந்தால், சம்மன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வங்கிக்குப் போய் கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். சிம் உங்கள் பெயரில் இருந்தால் அதையும் துண்டியுங்கள். கணக்கு விவர அறிக்கையை எடுத்துக்கொண்டு, தெரிந்த வக்கீல் ஒருவரோடு கடலூர் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நீங்களே போங்கள். பயத்தில் அந்த டெலிகிராம் சாட்டை மட்டும் அழித்துவிட வேண்டாம். உங்களைத் தேடி வந்தவன் யார், என்ன சொல்லிக் கேட்டான் என்பதற்கு உங்களிடம் இருக்கிற ஆதாரம் அது ஒன்றுதான்.