எடை குறைக்கும் ஊசி: சர்க்கரை நோயாளி முதலில் கேட்க வேண்டியது

2025 மார்ச்சில் மவுஞ்சாரோ என்ற ஊசி இந்தியச் சந்தைக்கு வந்தது. ஜூனில் வெகோவியும் டிசம்பரில் ஒசெம்பிக்கும் வந்தன. 2026 மார்ச்சில் வெகோவி, ஒசெம்பிக் இரண்டிலும் உள்ள செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமை முடிந்து, உள்நாட்டு நிறுவனங்களும் அதைத் தயாரிக்க வழி திறந்தது. வாரம் ஒரு முறை வயிற்றுத் தோலில் போட்டுக்கொள்ளும் இந்த ஊசியைப் பற்றிப் பேச்சு எழும் இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது: "எத்தனை கிலோ குறையும்?" ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு. இவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அப்படிப்பட்ட ஒருவர் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கும்போது கிலோக் கணக்கை இரண்டாவதாக வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. என் உடம்பில் இது எதைக் காப்பாற்றப் போகிறது, பல வருடம் இதைத் தொடர என்னால் முடியுமா என்பவைதான் முதலில் கேட்க வேண்டியவை.

சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இன்சுலினைச் சுரக்கச் சொல்வது, இரைப்பை காலியாவதை மெதுவாக்குவது, போதும் என்று மூளைக்குச் சொல்வது எல்லாம் அதன் வேலை. ஆனால் சுரந்த சில நிமிடங்களில் அது சிதைந்துவிடும். அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கீலா என்ற நச்சுப்பல்லியின் உமிழ்நீரில், இதே வேலையைச் செய்யும், ஆனால் சீக்கிரம் சிதையாத ஒரு பொருள் கிடைத்தது. அதிலிருந்து பிறந்த எக்ஸனடைடு 2005இல் அமெரிக்காவில் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது. அந்த வழியில் வந்த செமாகுளுடைடு, வாரம் ஒரு முறை போட்டால் போதும் என்ற அளவுக்கு உடம்பில் தாக்குப்பிடிக்கும். மவுஞ்சாரோவில் உள்ள டிர்செபடைடு, ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ஆக, இது சர்க்கரைக்கு என்று பிறந்த மருந்து. எடை குறைவது கூடவே தெரியவந்த பலன், அதுவே பின்னால் பெரிய வியாபாரமானது. "பணக்காரர்கள் இளைப்பதற்குப் போடும் ஊசி எனக்கு எதற்கு" என்று ஒதுங்கும் சர்க்கரை நோயாளி, தனக்காக வந்த மருந்தை அடுத்தவருடையது என்று நினைத்துக்கொள்கிறார்.

சரி, கிலோக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். செமாகுளுடைடு சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது என்பது 2021இல் வெளியான புகழ்பெற்ற பரிசோதனையின் முடிவு. ஆனால் அதில் கலந்துகொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. அதே மருந்தை அதே அளவில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்த தனிப் பரிசோதனையில் குறைந்தது 9.6 சதவீதம். வெற்று ஊசி போட்டவர்களுக்கே 3.4 சதவீதம் குறைந்திருந்தது. டிர்செபடைடின் கதையும் இதுதான். உச்ச அளவில் சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு 20.9 சதவீதம், இருப்பவர்களுக்கு 14.7 சதவீதம். 80 கிலோ எடையுள்ள ஒருவர் செமாகுளுடைடில் 12 கிலோ குறையும் என்று எதிர்பார்த்துத் தொடங்கினால், ஒன்றேகால் வருடம் கழித்துக் கிடைப்பது 8 கிலோவுக்குக் கீழே இருக்கலாம். அதுவே நல்ல பலன்தான். ஆனால் வேறு யாருக்கோ வந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு தராசில் ஏறினால் அது தோல்வியாகத்தான் தெரியும். இன்னொன்று: முதல் நான்கு வாரம் போடும் குறைந்த அளவு உடம்பைப் பழக்குவதற்கு மட்டுமே. அந்த மாதத்து எடையைப் பார்த்து மருந்தை எடைபோட முடியாது.

எடையை விட்டு உறுப்புகளைப் பார்த்தால் ஆதாரம் இன்னும் வலுவாக இருக்கிறது. 2016இல் வெளியான பரிசோதனை ஒன்றில், இதய நோய் உள்ள அல்லது அது வரும் அபாயம் அதிகமுள்ள 3,297 சர்க்கரை நோயாளிகள் கலந்துகொண்டனர். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் செமாகுளுடைடு போட்டவர்களிடம் 26 சதவீதம் குறைவு. 2024இல் வெளியான இன்னொன்று, சர்க்கரையால் சிறுநீரகம் பழுதடையத் தொடங்கிய 3,533 பேரிடம் நடந்தது. சிறுநீரகம் செயலிழப்பது, அதன் திறன் பாதியாகச் சரிவது, சிறுநீரக அல்லது இதயக் காரணத்தால் சாவது ஆகியவை 24 சதவீதம் குறைந்தன. டயாலிசிஸ் நாற்காலிக்குப் போகும் நாளைத் தள்ளிப்போடும் மருந்து என்று இதைச் சொன்னால் மிகையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இந்த வகை மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தபோது, சர்க்கரையோடு இதய நோயோ சிறுநீரக நோயோ, கூடவே உடல் பருமனும் உள்ளவர்களை மனத்தில் வைத்தே சேர்த்தது. ஆகவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், சிறுநீரில் அல்புமின் கசியத் தொடங்கியவர், மெட்ஃபார்மினும் வேறு மாத்திரைகளும் போட்டும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) இறங்காமல், பருமனும் இருப்பதால் இன்சுலினுக்குப் போக வேண்டிய கட்டத்தில் நிற்பவர் ஆகிய மூவருக்கும் டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கேட்க முழு நியாயம் உண்டு. மெட்ஃபார்மினிலேயே எச்பிஏ1சி 6.5இல் நிற்க, இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருக்க, பேன்ட் அளவு மட்டும் உறுத்துகிறவருக்கு அந்த நியாயம் மெலிது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இரண்டாம் வகைச் சர்க்கரைக்கு வேரே எடைதானே, வேரைக் கேட்காமல் கிளையைக் கேட்கச் சொல்லலாமா? பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வு இதற்குச் சாட்சி. நோய் வந்து ஆறு வருடத்துக்குள், இன்சுலின் போடாதவர்களாகப் பார்த்துச் சேர்த்து, சில மாதம் கடுமையாகக் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு வருடத்தில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரையே இல்லாமல் சர்க்கரை, நோய் வரம்புக்குக் கீழே இறங்கியது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு அப்படி இறங்கியது. எனவே நோய் புதியது, எடை நிஜமாகவே அதிகம் என்றால் கிலோவும் முதல் வரிசைக் கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் அதைச் சாதித்தது ஊசியால் அல்ல என்பதையும், இரண்டாம் வருட முடிவில் அந்த 46 என்பது 36ஆக இறங்கியதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எடையைக் குறைப்பதை விடக் குறைத்த இடத்தில் நிறுத்துவதுதான் பாடு. "மனக்கட்டுப்பாடு இருந்தால் ஊசி எதற்கு" என்று கேட்பவர்களுக்கும் அந்தச் சரிவே பதில். பசியை ஆளும் ஹார்மோன்கள் நம் வைராக்கியத்தைக் கேட்டு நடப்பதில்லை.

ஊசியாலும் அந்தப் பாட்டிலிருந்து தப்ப முடியாது. செமாகுளுடைடை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி ஏறியதை முன்பு சொன்ன 2021 பரிசோதனையின் தொடர்ச்சி காட்டியது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் போலத்தான் இதுவும். ஆகவே பெண்ணின் கல்யாணத்துக்கு முன் இளைக்கலாம், மூன்று மாதம் போட்டுப் பார்க்கலாம் என்று தொடங்குவதற்கு ஏற்ற மருந்து இல்லை இது. அறிமுகமானபோது மவுஞ்சாரோவின் 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். மாதம் நான்கு குப்பி என்றால் 14,000 முதல் 17,500 ரூபாய் வரை. மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும் சாதாரணக் காப்பீட்டு பாலிசிகள் இதைத் தருவதில்லை. காப்புரிமை முடிந்த செமாகுளுடைடின் விலை இறங்கும், அதில் சந்தேகமில்லை. 2025 மார்ச்சில் எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையின் காப்புரிமை முடிந்தபோது 60 ரூபாயை ஒட்டி விற்ற மாத்திரை 10 ரூபாய்ப் பக்கம் வந்தது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த மாத்திரையாலும் தெளிவான பலன் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஊசிக்கு வசதியில்லாதவர் கைவிடப்பட்டவர் இல்லை. ஆனால் மலிவாகிவிட்டது என்பது மட்டுமே போட்டுக்கொள்ளக் காரணமாகிவிடாது, ஏனென்றால் பக்கவிளைவுகள் மலிவாவதில்லை.

அவற்றில் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் எல்லாம் பலருக்கும் வருபவை. அளவை மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் தணியும். அதிகம் பேசப்படாதவற்றில் முதலாவது, தசை இழப்பு. குறையும் எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பில்லாத திசு என்று பரிசோதனைகள் காட்டுகின்றன. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், தம் பிரிட்டன் சகா யுட்கினோடு சேர்ந்து நிற்கும் படத்தை 2004இல் லான்செட் இதழில் வெளியிட்டார். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3தான். ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிந்தும் உள்ளே கொழுப்பு மிகுந்து தசை குறைந்த இந்த உடல்வாகுதான் நம்மில் பலருக்கும். அதிலும் தசை கரைந்தால் அறுபதைத் தாண்டியவர் மாடிப்படியில் அதை உணர்வார். இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் 12 சதவீதம் அளவே. ஊசி பசியைக் குறைக்கும்போது தட்டில் சோற்றைக் குறைத்து முட்டை, மீன், பருப்பு, சுண்டலைக் குறைக்காமல் இருப்பதும், எடை தூக்கும் பயிற்சியும் சிகிச்சையின் பாதி.

இரண்டாவது, கண். முன்பு சொன்ன 2016 பரிசோதனையில் விழித்திரைச் சிக்கல்கள் ஊசி போட்டவர்களில் 3.0 சதவீதம், போடாதவர்களில் 1.8 சதவீதம். உயர்ந்திருந்த சர்க்கரை வேகமாக இறங்குவது, ஏற்கெனவே பழுதான விழித்திரையைப் பாதிப்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே முதல் ஊசிக்கு முன் கண் பரிசோதனை கட்டாயம். திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். பார்வை நரம்புக்கு ரத்த ஓட்டம் தடைபடும் மிக அரிய பாதிப்பு பத்தாயிரத்தில் ஒருவர் வரை வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் எச்சரித்தது. கிளிமெப்பிரைடு மாதிரியான மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு லோ சுகர் வரக்கூடும் என்பதால் அவற்றின் அளவைத் தொடக்கத்திலேயே மாற்ற வேண்டியிருக்கலாம். அதை டாக்டர் மாற்ற வேண்டும், நீங்களாக இன்சுலினை நிறுத்தக் கூடாது. கணைய அழற்சி வந்தவர், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர் அதைச் சொல்லியாக வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர் செமாகுளுடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம். அறுவைச் சிகிச்சை இருந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும், இரைப்பையில் உணவு தங்கியிருக்கும் என்பதால்.

இவ்வளவையும் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. சிகிச்சையின் தன்மை, பலன், அபாயம், மாற்றுவழி, மறுத்தால் என்னவாகும் என்பவற்றைச் சொல்லிய பின் பெறுவதே செல்லுபடியாகும் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாக்கியது. இந்த ஊசி, டாக்டரின் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத வகையைச் சேர்ந்தது. ஜிம்மிலோ அழகு நிலையத்திலோ வாட்ஸ்அப்பிலோ விற்பது சட்டவிரோதம். சர்க்கரை நோயையும் உடல் பருமனையும் குணப்படுத்துவதாக மக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. "ஊசியில்லாமலேயே அதே பலன்" என்று கூவும் பொடிக்கும் கஷாயத்துக்கும் அது பொருந்தும். போலி என்பது வெறும் பயமுறுத்தல் இல்லை. பிரிட்டனிலும் பிரேசிலிலும் அமெரிக்காவிலும் போலி ஒசெம்பிக் பிடிபட்டதை அடுத்து உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது. உண்மையான மருந்தும் வெயிலில் கெடும். மவுஞ்சாரோ குப்பியை ஃபிரிட்ஜுக்கு வெளியே 30 டிகிரிக்கு மிகாமல் அதிகபட்சம் 21 நாள்தான் வைக்கலாம். சென்னை மே மாதத்தில் கூரியர் பெட்டியில் அந்த 30 டிகிரி எங்கே இருக்கும்?

எனவே உரிமம் உள்ள கடையில், குளிர்ந்த நிலையில், தொகுதி எண் போட்ட பில்லோடு வாங்குங்கள். பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். மருந்தின் மேல் சந்தேகம் வந்தால், 1940ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டம் 26ஆம் பிரிவின்படி வாங்கியவரே கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகாரும் செய்யலாம். பக்கவிளைவு வந்தால் டாக்டர் மூலமாகத்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே பதிவு செய்யலாம். விவரம் சொல்லாமல் ஊசி போட்டுப் பாதிப்பு வந்தாலோ போலி விற்கப்பட்டாலோ இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. வழிகாட்ட 1915 என்ற எண் இருக்கிறது. இத்தனைக்கும் ஆதாரம் அந்த பில்லும் மருந்துச் சீட்டும்தான்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது கடைசியாக எடுத்த எச்பிஏ1சி, கிரியேட்டினின், சிறுநீர் அல்புமின், கண் பரிசோதனை அறிக்கைகளோடு, இப்போது போடும் மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எனக்கு இதை எதற்காகத் தருகிறீர்கள், ஆறு மாதம் கழித்து எதைப் பார்த்துத் தொடர்வோம், எதைப் பார்த்து நிறுத்துவோம் என்று கேளுங்கள். பதிலை அந்தச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.