நீர்வழி – 14: பண்ணைத் தொட்டியும் ஊர்க்குழாயும்

சுங்கை மூடா ஆற்றுநீர் சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, கடலடிக் குழாய்கள் வழியே பினாங்குத் தீவை அடையும் முறை சென்ற வாரம் விளக்கப்பட்டது. அவ்வளவு பாடுபட்டுத் தூய்மையாக்கப்பட்ட நீர், பாலிக் புலாவின் மலையடிவாரத்து ஆட்டுப்பண்ணை போன்றதோர் இடத்தில் அழுக்காகி, வந்த குழாய்க்குள்ளேயே திரும்பிவிடக்கூடும் என்பது போதிய கவனம் பெறாத ஆபத்தாகும்.

குழாய்நீர் ஒரே திசையில் ஓடுவது அழுத்தம் உள்ளவரைதான். பிரதானக் குழாய் உடைந்தாலோ, தீயணைப்புக்காகப் பெருமளவு நீர் எடுக்கப்பட்டாலோ, பழுதுபார்ப்புக்காக விநியோகம் நிறுத்தப்பட்டாலோ, மேட்டுநிலக் குழாயில் நிற்கும் நீர் பள்ளத்தை நோக்கி இறங்க, அதன் பின்னே குறையும் அழுத்தம், குழாயின் திறந்த முனை எதில் முங்கியிருக்கிறதோ அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதுவே பின்னுறிஞ்சல் எனப்படுகிறது. சுங்கை டுவாவில் இரு பெரிய வால்வுகளை மாற்றுவதற்காக 2024 ஜனவரி 10 முதல் பினாங்கில் ஏறத்தாழ 590,000 பயனீட்டாளர்களுக்கு விநியோகம் தடைபட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மேட்டுநிலப் பண்ணைகள் விழிப்பாக இருக்கவேண்டியது அத்தகைய நாள்களில்தான்.

ஆடுகள் வாய்வைக்கும் தொட்டியில் எச்சிலும் தீவனத் துணுக்கும் மிதக்க, அடியில் புழுக்கையும் பாசியும் படிந்திருக்கும்; தொட்டி நிரம்பட்டும் என்று போடப்பட்ட ரப்பர் குழாயின் முனை அதனுள் இரவு முழுவதும் மூழ்கிக் கிடக்கும். கால்நடைச் சாணத்தில் ஈ.கோலை பாக்டீரியாவின் கொடிய வகைகளும், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியும் இருக்கக்கூடும். பின்னது குடிநீரில் கலக்கப்படும் குளோரினுக்கு எளிதில் மடியாதது. சிக்காகோவில் 1933இல் இரு ஹோட்டல்களில் கழிவுநீர் குடிநீரோடு கலந்ததால் பரவிய சீதபேதி 98 உயிர்களைப் பறித்தது. குழாய் இணைப்பில் நேரும் பிழை எத்தகைய விலையைக் கேட்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தீர்வோ மிக எளியது. நீர் விழும் குழாய்வாய்க்கும் தொட்டியின் வழிந்தோடும் விளிம்புக்கும் இடையே காற்று மட்டுமே நிற்கும் வெளியை விடுவது காற்றிடைவெளி எனப்படும்; பிரிட்டனின் 1999ஆம் ஆண்டு விதிகள் கால்நடைத் தொட்டி நீரை மிக ஆபத்தான ஐந்தாம் வகையில் சேர்த்திருக்க, அங்கு வழங்கும் அளவுகோல் குறைந்தது 20 மில்லிமீட்டர் அல்லது குழாய் உள்விட்டத்தின் இருமடங்கு, இவற்றில் எது அதிகமோ அது. ஒருவழி வால்வு இதற்கு ஈடாகாது. மணல் துகளொன்று சிக்கினாலே அது முழுதாக மூடாமல் போகும், காற்றிடைவெளியிலோ பழுதாக எந்த உறுப்பும் இல்லை. மிதவை வால்வு பொருத்திய தொட்டியாயின், நீர்மட்டம் ஏறினாலும் வாய் முங்காதபடி அதை விளிம்புக்கு மேலே அமைத்து, ஆட்டின் வாய் எட்டாதபடி மூடியிடவேண்டும்.

டுரியான் தோட்டங்களில் பூச்சிமருந்துத் தெளிப்பானை நிரப்பும் குழாய்க்கும் இதே விதி பொருந்தும். மலையோடை நீரையும் ஊர்க்குழாய் நீரையும் சேர்த்துப் பயன்படுத்துவோர் இரண்டையும் ஒரே குழாயில் இணைக்கவே கூடாது. நடுவில் ஒரு வால்வு இருப்பது போதிய காப்பாகாது. பண்ணையாளர்கள் இன்றைக்கே தங்கள் தொட்டியருகே சென்று, குழாய்முனை நீருக்குள் கிடந்தால் வெளியே எடுத்து, விளிம்புக்கு மேலே உயர்த்திக் கட்டிவிடுவார்களாக.