மெலிந்த உடலும் முன்தள்ளிய வயிறும்

நமது கிராமங்களில் சிலருக்குக் கையும் காலும் மெலிந்திருக்கும். வயிறு மட்டும் முன்தள்ளி நிற்கும். "ஆள் தேறிவிட்டார்" என்று நாமும் மகிழ்ந்து சொல்கிறோம். மருத்துவர்களோ இதனை எச்சரிக்கையாகவே கொள்கின்றனர்.

கொழுப்பு நமக்குப் பகையல்ல. பஞ்ச காலத்துக்கென உடல் கட்டிவைக்கும் களஞ்சியம் அது. இளம் பெண்களுக்கு அது பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் சேர்கிறது; பிள்ளைப்பேற்றுக்கும் பாலூட்டலுக்குமான சேமிப்பு அது. மாதவிடாய் நின்றபின் வயிற்றுப்பக்கம் சேரத் தொடங்குகிறது. ஆண்களுக்கு வயிற்றிலேயே கூடுதலாகத் தங்குகிறது. தோலின் கீழ் இடம் போதாதபோது, குடலைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்புப் படிகிறது. அது இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. சலரோகமும் இருதய நோயும் இவ்வழியாக வருகின்றன.

கருவிலேயே தொடக்கம்

இந்தியாவின் பூனே நகருக்கு அருகிலுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஆய்வாளர் ஒப்பிட்டனர். சராசரி நிறை பூனேயில் 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5 கிலோ. பூனேக் குழந்தைகளின் தசை மிகக் குறைந்திருந்தது. கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. தாய்க்குப் போதிய உணவில்லாதபோது கருவிலுள்ள பிள்ளை தசையை விட்டுக் கொழுப்பைக் காத்துக்கொள்கிறது என்று கருதப்படுகிறது.

1944–45 இல் போரினால் உணவு தடைப்பட்டு நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்போது கருவிலிருந்தவர்களுக்கு ஐம்பது வயதளவில் இரத்தத்தில் சீனியைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் குறைந்திருந்தது கண்டறியப்பட்டது.

நாமும் 1990 இலும், 2007 முதல் 2009 வரையும் வயலையும் வீட்டையும் விட்டு ஓடினோம். வயிற்றில் பிள்ளையோடு நடந்த தாய்மார் நம்மிடையே பலர். அப்பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டனர். இது எந்தத் தாயினதும் குற்றமன்று. ஆயினும் குனிந்து நிமிர்ந்து செய்த வயல் வேலை போய், நிவாரண அரிசியும் மாவும் சீனியுமே உணவான நாட்களில் பழகிய உண்ணும் முறை பல வீடுகளில் இன்னும் மாறவில்லை.

நாம் செய்யக்கூடியவை

ஒரு நூலை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே வயிற்றைச் சுற்றி அளப்போம். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் என்பதே தெற்காசியருக்கான எல்லை. அதற்கு மேற்பட்டால், மெலிந்தவராயினும், அரசாங்க வைத்தியசாலையில் இரத்தத்தில் சீனியின் அளவைப் பரிசோதிக்க வேண்டும்.

சோற்றைக் குறைத்துப் பயறு, மீன், கீரையைக் கூட்டுவோம். தேநீரில் சீனியைக் குறைப்போம். காணி இன்னும் கைக்கு வராதவர்களும் முற்றத்தில் ஒரு முருங்கை நடலாம். நாள்தோறும் நடப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கர்ப்பிணிப் பெண் கடைசியாக உண்ணும் வழக்கத்தை நம் வீடுகளில் நிறுத்துவோம். கிளினிக்கில் அவளுக்கென்று தரும் திரிபோஷாவை அவளே உண்ணட்டும். அவளுடைய தட்டில் இன்று இடும் உணவு, பிறக்கப்போகும் பிள்ளையின் ஐம்பதாவது வயது வரை காவல் நிற்கும்.