புண்ணைக் காயவிட வேண்டாம்

கம்பம் பள்ளத்தாக்கில் உழைக்கிற கைகால்களில் தழும்பு இல்லாமல் இருப்பது அரிது. திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டும்போது கத்தரி விரலைப் பதம் பார்க்கும். பந்தல் கம்பி முழங்கையைக் கிழிக்கும். விடியக்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு, அட்டை கடித்த இடம் சொறிந்து சொறிந்து புண்ணாகிவிடும். பைக் சைலன்சர் சுட்ட கெண்டைக்கால் எல்லாத் தெருவிலும் உண்டு. இத்தனைக்கும் ஊர் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "தண்ணி படாமப் பாத்துக்க, காத்தாட விடு, காஞ்சா ஆறிடும்." அக்கறையில் சொல்வதுதான். ஆனால் தோல் வளரும் விதம் அதற்கு நேர்மாறானது.

ஈரத்தில்தான் தோல் மூடும்

1962-ல் லண்டனில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான சிறு காயங்களை உண்டாக்கினார். சிலவற்றைக் காற்றில் காயவிட்டார். மற்றவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடி ஈரமாக வைத்தார். மூடிய காயங்களில் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் புதுத்தோல் படர்ந்தது. காயத்தின் ஓரத்தில் இருக்கும் செல்கள் நடுவை நோக்கி நகர்ந்து வந்தால்தான் காயம் மூடும். பொருக்குத் தட்டிவிட்டால் அவை அதற்கு அடியில், ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்கி வழி தேட வேண்டியிருக்கிறது. ஈரமான பரப்பிலோ நேராக நகர்ந்துவிடும்.

உலர்ந்த காஸ் துணியில் இன்னொரு கேடும் உண்டு. அது புண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. பிய்த்தெடுக்கும்போது முளைத்துவந்த புதுத்தோலும் சேர்ந்து பெயர்ந்துவிடுகிறது. டிரஸ்ஸிங் மாற்றும் நாளென்றாலே பெரியவர்கள் முகம் சுளிப்பது அதனால்தான்.

ஹைட்ரோஜெல் என்ன செய்கிறது?

தண்ணீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் பாலிமர் வலைதான் ஹைட்ரோஜெல். அதில் பெரும்பங்கு தண்ணீரே. கண்ணாடிபோலத் தெரியும் வழுவழுப்பான தாளாகவும், டியூபில் பிதுக்கும் ஜெல்லாகவும் கிடைக்கிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் பாலிவினைல் ஆல்கஹாலைக் கொண்டு நம் நாட்டிலேயே இதை உருவாக்கியது. கதிர்வீச்சைச் செலுத்தும்போது கரைசல் ஜெல்லாக இறுகுகிறது. கிருமிகளும் அப்போதே அழிகின்றன. அந்தக் கதிர்வீச்சு ஜெல்லில் தங்குவதில்லை; ஊசி, சிரிஞ்சுகளையும் இப்படிக் கிருமிநீக்கம் செய்வதுண்டு.

போடும் முறையில்தான் பாதிப் பலன். முதலில் மருத்துவமனையில் தரும் உப்புநீரால் புண்ணைக் கழுவ வேண்டும். சுற்றியுள்ள நல்ல தோலை ஒற்றித் துடைத்துவிட்டு, புண்ணின் அளவுக்குத் தாளை வெட்டி, மேலிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரித்துவிட்டு வைக்க வேண்டும். அதன்மேல் காஸ், பிறகு பிளாஸ்திரி. வைத்ததும் ஜில்லென்று எரிச்சல் தணியும். மாற்றும்போது வலியில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும். புண்ணின் ஓரத்துத் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள், நர்ஸிடம் காட்டுங்கள். சைலன்சர் சுட்டாலும் சோற்றுக் கஞ்சி கொட்டினாலும், முதலில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரைக் காட்ட வேண்டும். பற்பசை, காபித்தூள், இங்க் எதுவும் வேண்டாம்.

காயத்துக்கு ஊரில் பிழிந்துவிடும் வெட்டுக்காயப் பூண்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வரப்பில் பறித்துக் கசக்கும் இலையோடு மண்ணும் சாணத்தூளும் புண்ணுக்குள் போகின்றன. மண் பட்ட காயம் எதுவானாலும் டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

மருந்து கலந்த ஜெல் எப்போது?

வெள்ளி, அயோடின் போன்ற கிருமிக்கொல்லிகள் சேர்ந்த வகைகளும் உண்டு. இவற்றைச் 'சக்தி கூடின' மருந்தாக நினைத்து எல்லாப் புண்ணுக்கும் போடுவது தவறு. சுத்தமான புண்ணுக்கு மருந்தில்லாத ஜெல்லே போதும். வெள்ளி கிருமியை மட்டுமல்ல, வளரும் செல்லையும் தொந்தரவு செய்யக்கூடும். வெள்ளி ஜெல் போட்டும் இரண்டு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மருத்துவர் வேறு வழியை யோசிக்க வேண்டும். தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அயோடின் கட்டு போடுமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நீர் வழியும் புண்ணுக்கு ஹைட்ரோஜெல் ஒத்துவராது. அதற்கு நீரை உறிஞ்சும் கட்டு வேண்டும். ரத்தஓட்டம் நின்று கறுத்துக் காய்ந்துபோன விரலை ஈரமாக்கினால் கிருமி புகுந்துவிடும். நாய் கடித்த காயத்தைச் சோப்புப்போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, ரேபிஸ் தடுப்பூசிக்கு ஓட வேண்டும். அங்கே ஜெல்லுக்கு வேலையில்லை.

சர்க்கரைக்காரர் கால்

என் பெரிய கவலை இதுதான். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. அவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும்; கருவேல முள் குத்தியதுகூடத் தெரியாது. இப்படி வரும் புண்ணை ஜெல் தனியாக ஆற்றாது. சர்க்கரை கட்டுப்பட வேண்டும், ரத்தஓட்டம் பார்க்கப்பட வேண்டும், செத்த தசையை மருத்துவர் வெட்டி அகற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புண் உள்ள இடத்தில் உடல் எடை விழக் கூடாது. அந்தக் காலை ஊன்றிக் களையெடுத்துக்கொண்டே எத்தனை உயர்ந்த ஜெல் போட்டாலும் புண் மூடாது. ஆறிய பிறகு மென்மையான ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு அணிவது மறுபடி வராமல் காக்கும்.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, விரல் கறுத்தாலோ மருந்துக்கடையில் டியூப் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். அன்றைக்கே கம்பம், போடி அரசு மருத்துவமனைகளுக்கோ, கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். இதுவரை போட்ட மருந்துகளையும், கடைசியாகப் பார்த்த சர்க்கரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.