செல்போனில் பார்த்த நிறமும் சிவகாசிச் சுவரும்

பான்டோன் என்ற பெயரை இப்போது வீடு கட்டுகிற இளம்பிள்ளைகள் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் சிவகாசி ஆப்செட் அச்சகங்களில் அது வெகுகாலமாகப் புழங்கும் பெயர். மை கலக்கும் மேசையில் விசிறியாக விரிகிற நிற அட்டைக் கட்டு ஒன்று கிடக்கும். வாடிக்கையாளர் ஓர் எண்ணைச் சொல்வார். அந்த நிறத்துக்கு எந்த மை எத்தனை பங்கு என்று அட்டையிலேயே அச்சாகியிருக்கும். 1963-இல் அமெரிக்காவில் அச்சுக்காரர்களின் தேவைக்காக உருவான முறை அது. பட்டாசுப் பெட்டி லேபிள், தினசரி காலண்டர், நோட்டு அட்டை என்று மை கலந்தே பிழைத்தவன் நான். அந்த அட்டைக் கட்டு என் கையில் தேய்ந்திருக்கிறது.

அதே பான்டோன் 2000-ஆம் ஆண்டிலிருந்து வருடத்துக்கு ஒரு நிறத்தை ‘இந்த ஆண்டின் நிறம்’ என்று அறிவித்து வருகிறது. 2023-இல் விவா மெஜந்தா என்ற அடர் சிவப்பு. 2024-இல் பீச் ஃபஸ் என்ற வெளிர் பீச். 2025-இல் மோக்கா மூஸ் என்ற பால் கலந்த பழுப்பு. 2026-க்குக் கிளவுட் டான்சர் என்ற வெள்ளை. நம் நாட்டிலும் ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனம் 2003 முதல் ‘கலர்நெக்ஸ்ட்’ என்ற பெயரில் வரப்போகும் நிறங்களைக் கணித்துச் சொல்கிறது. உடை, சோபா, டைல்ஸ், சுவர் எல்லாம் இந்த அறிவிப்புகளின் பின்னால் மெல்ல நகர்கின்றன. அடுத்த வருடமே சிவகாசி காலண்டர் அட்டையிலும் அந்தச் சாயல் தெரியும்.

விருதுநகரில் வீடு கட்டி முடித்திருக்கும் என் தங்கச்சி மகள் அந்த மோக்கா பழுப்பைத்தான் செல்போனில் காட்டினாள். “மாமா, இப்ப எல்லாரும் இதத்தான் அடிக்கிறாங்க. ஹாலுக்கு இதுவே இருக்கட்டுமா?” என்று கேட்டாள். நல்ல நிறம்தான். நம் ஊருக்குப் பொருந்துகிற நிறமும்கூட. ஆனால் அவள் பார்த்தது வேறு ஏதோ ஊர் வெளிச்சத்தில், பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த வீட்டில், யாரோ ஒருவர் எடுத்துத் திருத்திய படம். அந்தப் படத்தில் இருப்பதை அப்படியே விருதுநகர் சுவரில் இறக்க முடியாது. நிறத்தை நம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யவேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது இதைத்தான்.

அச்சகத்தில் நாங்கள் நிறத்தைக் கண்ட வெளிச்சத்தில் பார்ப்பதில்லை. 5000 கெல்வின் என்று அளவிட்ட விளக்கு பொருத்திய மேசை இருக்கும். ஒரிஜினலையும் அச்சிட்ட தாளையும் அதன் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிடவேண்டும். அங்கே ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு பழுப்புகள் டியூப் லைட்டுக்கு வந்தால் ஒன்று பச்சை தட்டும், இன்னொன்று சிவப்பு தட்டும். சுவருக்கும் இதே விதிதான். நம் வீடுகளில் பெரும்பாலும் மாட்டுகிற ‘வெள்ளை’ எல்இடி விளக்கு 6500 கெல்வின். அதில் நீலச் சாயல் கூடுதல். மோக்கா பழுப்பு அதன் கீழே சாம்பல் ஏறிச் சோர்ந்துபோகும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் அதே சுவர் உயிரோடு தெரியும். ஆகவே பெயின்ட் வாங்குவதற்கு முன்னால் பல்பை முடிவு செய்யுங்கள். பல்பை மாற்ற ஆகும் செலவு, சுவரை மாற்ற ஆகும் செலவில் மிகச் சிறு பங்கு.

பகல் வெளிச்சத்தில் இன்னொரு சங்கதி உண்டு. சிவகாசி, விருதுநகர்த் தெருக்களில் வீடுகள் நெருக்கி நிற்பவை. ஜன்னல் வழியே வருவது பெரும்பாலும் நேர் வெயில் அல்ல. எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம். எதிர்வீடு கிளிப்பச்சை என்றால் உங்கள் வெள்ளை ஹால் காலை முழுக்கப் பச்சை பூத்திருக்கும். வெள்ளையும் வெளிர் நிறங்களும்தான் இப்படிப் பக்கத்து நிறத்தை வாங்கிக்கொள்ளும். எதிர்வீட்டு நிறத்தைப் பார்க்காமல் யாரும் தன் வீட்டு நிறத்தை முடிவு செய்யக்கூடாது.

கடையில் தருகிற ஷேடு கார்டைப் பற்றி, அச்சுத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அதில் இரண்டு வகை உண்டு. சோபா, பூஜாடி, சிரிக்கும் குடும்பம் எல்லாம் இருக்கிற படங்கள் நான்கு வண்ண மையில் அச்சானவை. நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளும் சின்னச் சின்னப் புள்ளிகளாக விழுந்து கண்ணுக்கு ஒரு நிறமாகத் தெரிகின்றன. அந்த நிறத்துக்கும் டப்பாவில் இருக்கிற நிறத்துக்கும் நேரடி உறவு கிடையாது. சிறு சிறு கட்டங்களாக ஒட்டியிருக்கிற நிறத்துண்டுகள் வேறு. அவை அந்த நிறத்துக்கென்றே கலந்து தாளில் பூசி வெட்டியவை. படத்தை நம்பாதீர்கள், துண்டை நம்புங்கள். துண்டையும் முழுசாக நம்பிவிடக்கூடாது. விரல் அகலத் துண்டில் சாதுவாகத் தெரிகிற நிறம் பத்தடிச் சுவரில் ஏறியதும் இன்னும் அழுத்தமாகத் தெரியும். நாலு சுவரும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அந்த நிறத்தையே எதிரொளிப்பதால் வருவது அது. மனதில் இருப்பதைவிட ஒரு படி வெளிறிய ஷேடை எடுத்தால் மனதில் இருப்பது கிடைக்கும்.

கடையில் இருக்கும் டின்டிங் மெஷினைக் கவனித்திருப்பீர்கள். வெள்ளை டப்பாவைத் திறந்து வைக்கிறார்கள், கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டியதும் நிறச்சாந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது, பிறகு டப்பாவைக் குலுக்கித் தருகிறார்கள். வெளிர் நிறத்துக்கும் அடர் நிறத்துக்கும் அடிப்படை டப்பாவே வேறு. வெளிர் நிற பேஸில் டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய இருக்கும். கீழே இருப்பதை மறைக்கும் சக்தியைத் தருவது அந்த வெள்ளைப் பொடிதான். அடர் நிற பேஸில் அது மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. ஆகவே அடர் நிறங்கள் சில சமயம் இரண்டு கோட்டில் நிற்காது; பட்டி பார்த்த இடம் திட்டுத் திட்டாகத் தெரியும். தங்கச்சி மகள் ஒரு சுவருக்கு மட்டும் அடர் சிவப்பு கேட்டபோது பெயிண்டர் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, இது மூணு கோட்டு கேக்கும். ரெண்டு கோட்டுக்குத்தான் கூலி பேசியிருக்கு, நீங்களே பாப்பாகிட்ட சொல்லிருங்க” என்றார். அவர் சொன்னது நியாயம். அந்தக் கூலியைச் சேர்த்துப் பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம்.

நிறம் எதனால் ஆனது என்று கேட்கிற பழக்கம் நம்மிடம் வரவேண்டும். டீக்கடையில் வெயில் படுகிற பக்கம் மாட்டிய காலண்டரைப் பாருங்கள். சில மாதங்களில் சாமி படம் முழுக்க நீலமாகியிருக்கும். மஞ்சளும் மெஜந்தாவும் வெயிலில் முதலில் சாகின்றன. தாலோசயனின் என்ற நிறமியில் செய்த நீல மை தாக்குப்பிடிக்கிறது. சுவர் பெயின்டிலும் பளிச்சென்ற மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு வகைகள் பெரும்பாலும் கரிம நிறமிகளால் வருபவை. அவற்றில் பல விலையும் கூடுதல், வெயிலிலும் வெளுக்கும். மேற்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறையில் அவற்றை அடித்தால், வெயில் விழுகிற சதுரம் மட்டும் சில வருடங்களில் தனியாக வெளுத்துத் தெரியலாம்.

காவி, மண்சிவப்பு, பழுப்பு, களிமஞ்சள் ஆகியவை இரும்பு ஆக்சைடுகள். துரு என்ன பொருளோ அதே பொருள்தான். எரிந்து முடிந்த பொருள்போல அதற்குமேல் வெயில் அதை ஒன்றும் செய்ய முடியாது. நம் பாட்டி வீட்டு ரெட் ஆக்சைடு தரையும் கோயில் மதிலின் காவிப்பட்டையும் அதே பொருள். டெரகோட்டா, மோக்கா, களிமண் நிறம் என்று உலகமே இப்போது ஆசைப்படுகிற வரிசை முழுக்க இந்த ஆக்சைடு வகையிலிருந்து வருவது. விலையில் அடக்கம், வெயிலில் உறுதி. நம் ஊர்க்காரர்கள் தயங்காமல் எடுக்கவேண்டிய ட்ரெண்டு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். சாத்தூர், விருதுநகர்ப் பக்கம் ஆடிக் காற்றில் கரிசல் தூசி வீட்டுக்குள் வராத நாள் இல்லை. பழுப்புச் சுவர் அந்தத் தூசியைக் காட்டிக்கொடுக்காது. கிளவுட் டான்சர் வெள்ளை காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளையைக் கூரைக்கு வையுங்கள். அறை உயரமாகத் தெரியும், வெளிச்சமும் பெருகும். வெள்ளை தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் திருப்பி அனுப்பும். அடர் பழுப்பு இருபதுகூட அனுப்பாது. ஜன்னல் குறைவான அறையில் நாலு சுவருக்கும் அடர் பழுப்பு அடித்தால் பகலிலும் விளக்குப் போடவேண்டிவரும். ஒரு சுவருக்கு அது போதும்.

வீட்டின் வெளிப்பக்கம் இந்தக் கணக்கு வேறாகும். அடர் நிறம் திருப்பி அனுப்பாத வெயில் முழுக்கச் சுவருக்குள் இறங்கி, ராத்திரியில் வீட்டுக்குள் வரும். மேற்குச் சுவரின் வெளிப்புறத்துக்குப் பழுப்பு வேண்டவே வேண்டாம். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளை டைல்ஸோ போடுங்கள். சித்திரை வெயிலின் வித்தியாசத்தைக் கீழே படுத்திருப்பவர்கள் உணர்வார்கள்.

இன்னொரு ட்ரெண்டு லைம்வாஷ். மேலைநாட்டு வீடுகளில் மேகம் படர்ந்ததுபோலத் தெரிகிற அந்தச் சுவருக்கு இப்போது பெரிய மவுசு. அது நம் சுண்ணாம்பேதான். எங்கள் தாத்தா காலத்தில் தாளித்த சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தார்கள், காவி கலந்து அடித்தார்கள், மஞ்சள் மண் கலந்து அடித்தார்கள். வேறு நிறங்கள் அதிகம் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. சுண்ணாம்பின் காரம் பல நிறமிகளைத் தின்றுவிடும். அந்தக் காரத்தைத் தாங்குபவை மண் ஆக்சைடுகளும் துணிக்குப் போடுகிற அல்ட்ராமரைன் நீலமும் போன்ற சிலவே. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், பூஞ்சையை அண்டவிடாது. எங்கள் விருதுநகர் மாவட்டம் சுண்ணாம்புக்கல் பூமி. ஆலங்குளத்தில் அரசு சிமென்ட் ஆலையும் ஆர்.ஆர்.நகரில் ராம்கோ ஆலையும் வந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். பழைய சுண்ணாம்புச் சுவர் உள்ள வீட்டுக்காரர்கள் அதன்மேல் பட்டி வைத்து எமல்ஷன் அடிப்பதை நிறுத்தவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளே அடைபட்ட ஈரம் உப்பாகப் பூத்து, பெயின்டைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து, சுண்ணாம்பே அலங்காரம். இன்றைக்கு அதுதான் நாகரிகமும்கூட.

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு விஷயத்தையும் விட்டுவிட முடியாது. பட்டாசு ஆலைக்குப் போய்வருகிறவர்கள் உள்ள வீடுகளில் கதவோரம், சுவிட்சோரம், படியோரம் வெள்ளி படிந்த கைத்தடங்கள் இருக்கும். அது அலுமினியப் பவுடர். கம்பிமத்தாப்பிலும் பூச்சட்டியிலும் மின்னுகிற அந்தப் பொடிதான் கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற சில்வர் பெயின்டிலும் இருப்பது. கைகால் கழுவிவிட்டு வந்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். மேட் பினிஷ் என்று இப்போது எல்லோரும் கேட்கிற மங்கலான பூச்சில் அந்தத் தடத்தைத் துடைத்தால் போகாது, இன்னும் பரவும். முன்பு நம் வீடுகளில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு எண்ணெய்ப் பெயின்டில் அடர் நிறம் அடித்து, மேலே கோடு இழுத்து நிறுத்துவார்கள். டாடோ என்பார்கள். பழைய பாணி என்று பிள்ளைகள் அதைக் கைவிட்டார்கள். கழுவக்கூடிய சாட்டின் எமல்ஷனில், டெரகோட்டா நிறத்தில் அந்த டாடோவை மறுபடி கொண்டுவரலாம். வீட்டுக்கு அழகு, ஆலைக்குப் போகும் அம்மாவுக்குத் துடைக்கிற வேலை குறையும். ட்ரெண்டு யாருக்காக என்று கேட்டால், முதலில் அந்த வீட்டில் வேலை செய்கிற பெண்ணுக்காக இருக்கவேண்டும் என்பேன்.

எண்ணெய்ப் பெயின்ட் வாங்கும்போது டப்பாவில் ஈய அளவைப் பாருங்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் பெயர் தெரியாத மலிவு டப்பா வேண்டாம். பழைய எண்ணெய்ப் பெயின்டைச் சுரண்டும்போது குழந்தைகளை அந்த அறைப்பக்கமே விடாதீர்கள்.

அளவு கணக்கு எளிது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கதவு, ஜன்னல் போக ஏறக்குறைய 390 சதுரஅடிச் சுவர் இருக்கும். பட்டி பார்த்த சுவரில் இரண்டு கோட்டுக்கு மூன்றரை லிட்டர் எமல்ஷன் வைத்துக்கொள்ளலாம். மொத்தத்தையும் வாங்குவதற்கு முன் ஒரு சிறு டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி அளவில் ஒரு பழைய காலண்டர் அட்டையில் இரண்டு கோட்டு அடித்துக் காயவிடுங்கள். அதைச் சுவருக்குச் சுவர் மாற்றி, காலையில், உச்சியில், விளக்கு போட்ட பிறகு என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். பெயின்ட் கலக்க ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை எடுக்கவிடாதீர்கள். நல்ல தண்ணீர் ஒரு குடம் தனியாக வைத்துக்கொடுங்கள். புதுப்பூச்சுச் சுவர் என்றால் குறைந்தது ஒரு மாதமாவது காயவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் இழுத்திருக்கும். அப்போது அடிப்பது வீண். தை முதல் பங்குனி வரை சுவர் காய்ந்திருக்கும், காற்றும் தூசியும் அடங்கியிருக்கும். விருதுநகர்ப் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலுக்கு வீட்டை அலங்கரிக்க நினைப்பவர்கள் மாசி பிறந்ததும் பெயிண்டரிடம் சொல்லிவையுங்கள். பங்குனி நெருங்கிவிட்டால் நல்ல பெயிண்டர் கிடைக்கமாட்டார்.