காற்றா, கம்பியா? மாடி அறைக்கு இன்டர்நெட் போகும் வழி எது?

வீட்டுக்கு இன்டர்நெட் வந்துவிட்டது. மாதா மாதம் பணமும் கட்டியாகிறது.

கூடத்தில் உட்கார்ந்தால் படம் ஓடுகிறது. மாடி அறைக்குப் போனால் பாதியில் நின்றுவிடுகிறது.

மாடியில் படிக்கும் பெண்ணுக்கு, ஆசிரியர் சொல்லும் கணக்கு பாதிதான் காதில் விழுகிறது!

"கம்பெனியை மாற்றுங்கள்" என்கிறார் ஒருவர். "அதிகப் பணம் கட்டி வேகத்தைக் கூட்டுங்கள்" என்கிறார் இன்னொருவர்.

கூடத்தில் நன்றாக வருகிறதென்றால், குற்றம் கம்பெனியிடம் இல்லை. சுவரிடம் இருக்கிறது!

காற்றில் வருவது

ரவுட்டர் என்ற சிறு பெட்டி ரேடியோ அலைகளை அனுப்புகிறது. இதுதான் வை-பை. 1997-ம் ஆண்டு இதற்குப் பொது விதிகள் வகுக்கப்பட்டன.

வீடுகளில் பெரும்பாலும் 2 வகை அலைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம். சுவரைத் தாண்டத் திணறும்.

செங்கல் சுவரைத் தாண்டினால் அலை தளரும். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டினால் மிகவும் தளர்ந்துவிடும். இரும்பு பீரோவும் தடைதான்.

கரண்ட் கம்பியில் வருவது

வீட்டுச் சுவருக்குள் மின்சாரக் கம்பி ஏற்கனவே ஓடுகிறது. அதன் வழியே இன்டர்நெட்டையும் அனுப்புவது 'பவர்லைன்' முறை.

இதற்கு 2 அடாப்டர்கள் வேண்டும். ஒன்றை ரவுட்டருக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்டில் செருகி, கேபிளால் ரவுட்டருடன் இணைக்க வேண்டும். மற்றதை மாடி அறையில் செருக வேண்டும். அவ்வளவுதான்.

ஒரே கம்பியில் இரண்டும் போனால் மோதிக்கொள்ளாதா?

மோதாது. மின்சாரம் வினாடிக்கு 50 முறை துடிக்கிறது. இன்டர்நெட் அலையோ 20 லட்சம் முறைக்கு மேல் துடிக்கிறது. அடாப்டர் இரண்டையும் பிரித்துவிடும்.

எங்கே சறுக்கும்?

மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீடுகளில் கவனம் தேவை. கூடம் ஒரு பேசிலும், மாடி வேறு பேசிலும் இருந்தால் அலை சரியாகப் போய்ச் சேராது. மாடிக்குத் தனி மீட்டர் இருந்தாலும் இதை நம்ப முடியாது.

எக்ஸ்டென்ஷன் பாக்சில் செருகினால் வேகம் குறையும். நேராகச் சுவர் பாயிண்டில்தான் செருக வேண்டும்.

அட்டைப் பெட்டியில் 1000 என்று அச்சிட்டிருப்பார்கள். வீட்டில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். வை-பை பெட்டிக்கும் இதே கதைதான்!

கரண்ட் போனால் அடாப்டரும் அணைந்துவிடும். இன்வெர்ட்டர் இருந்தால், அந்தப் பாயிண்டுகளுக்கும் அதன் இணைப்பு வேண்டும்.

எதை வாங்கலாம்?

முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள். டி.வி.க்குப் பின்னால் கிடக்கும் ரவுட்டரை எடுத்து, மாடிப்படி அருகே உயரமாக வையுங்கள். பல வீடுகளில் இதுவே போதும்.

செல்போனுடன் அறை அறையாக நடப்பவர்களுக்கு வை-பைதான் ஏற்றது. மாடிப்படியில் இன்னொரு வை-பை பெட்டி வைத்து அலையை மேலே அனுப்பலாம்.

கம்ப்யூட்டர் ஒரே மேஜையில் இருக்கிறதா? அதற்குப் பவர்லைன் நல்லது. வாங்குமுன் எலெக்ட்ரீஷியனிடம், "இரண்டு பாயிண்டும் ஒரே பேசா?" என்று கேளுங்கள். சரிப்படாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள்.

மாட்டியதும், 2 அடாப்டர்களிலும் உள்ள ஜோடி சேர்க்கும் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். அவற்றுக்கு மட்டும் தெரிந்த ரகசியக் குறி உண்டாகும். பக்கத்து வீட்டார் நுழைய முடியாது.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். சுவர் பூசுமுன் தனிக் குழாய் பதித்து, அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டால் போதும். காற்றையும் கரண்ட் கம்பியையும் அது வென்றுவிடும்!