ஒளி அணைந்த முள்

போர் விமானப் பிரியர்கள் சிலர், கழித்துவிட்ட ஜெட் விமானங்களின் உயரமானி, வேகமானி போன்ற கருவிகளை விலைக்கு வாங்கி மேசைமேல் வைப்பதுண்டு. அழகான பொருள்தான். ஆனால் அது 1950-களைச் சேர்ந்தது என்றால் சற்று எச்சரிக்கை தேவை.

விமானிக்கு இருளிலும் தெரியவேண்டும் என்று, அக்காலக் கருவிகள் பலவற்றில் முள்ளுக்கும் எண்களுக்கும் ரேடியம் கலந்த துத்தநாக சல்பைடைப் பூசினார்கள். ரேடியம் வீசும் ஆல்ஃபா துகள்கள் மோதியதால் சல்பைடு ஒளிர்ந்தது. அதே மோதல்தான் நாளடைவில் அதைச் சிதைத்து ஒளியை மங்கச் செய்தது. ஒளி போனதால் ரேடியமும் போயிற்று என்று எண்ணிவிடாதீர்கள்! ரேடியம் 226-இன் அரை ஆயுள் ஏறக்குறைய 1,600 ஆண்டுகள். எழுபது ஆண்டுகளில் நூற்றுக்கு மூன்று பங்குதான் குறைந்திருக்கும்.

ஆல்ஃபா துகளைக் கண்ணாடி தடுத்துவிடும். காமா கதிர் ஊடுருவும். கண்ணாடியைக் கழற்றினாலோ, உதிர்ந்த பூச்சுத்தூள் உடலுக்குள் புகலாம். கால்சியத்தைப் போலவே ரேடியமும் எலும்பில் போய்த் தங்கும்.